சாவு வீட்டில் போன் ஒரே கையில் இருப்பதில்லை

புதிதாக உதவி மேசைக்கு வந்திருக்கும் உங்களிடம் வந்து பேசும்படி, அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னை அலுவலகத்திலிருந்து கேட்டுக்கொண்டார்கள். பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். நான் எதிரே நின்று பேசினால் நீங்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. பிடிக்காத இடத்தில் மூடி வைத்துவிட்டுத் தே தாரேக் குடிக்கக் கிளம்பலாம்.

பாதுகாப்பான இணையதளம் எப்படி இயங்குகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. பிரவுசரில் இருக்கும் மொழிபெயர்ப்பு வசதியைப் பற்றியும் உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும். அது வேறு யாரோ செய்து வைத்தது, அதனால் நம் பக்கம் குழம்பினால் நமக்கு என்ன என்பதுதான் அந்த அபிப்பிராயம். இந்த மேசையில் உட்காருகிற எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே அது வந்துவிடும். அப்படி நினைத்தால் வேலை சுலபமாகத்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஏன் போதவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் நிறுவனம் பராமரித்த தளங்களில் ஈப்போ பக்கம் உள்ள ஒரு மின்சுடலையின் முன்பதிவுத் தளமும் ஒன்று. திருமண மண்டபத் தளத்தைக் கவனித்துக்கொள்ள எல்லாரும் கையைத் தூக்கினார்கள். இதற்கு ஒருவரும் வரவில்லை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கும் சகுனம் உண்டு. கடைசியில் அது என் தலையில் விழுந்தது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் எந்தக் கிழமை ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எங்கள் பாதிரியாருக்கு இது தெரியாது. அந்தத் தளம் கற்றுக்கொடுத்த படிப்பு அது.

தளம் வேலை செய்யும் விதம் எளிமையானது. வீட்டார் ஒருவர் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து உள்ளே வர வேண்டும். போனுக்கு ஒரு குறியீடு வரும், அதைப் போட்டால் கதவு திறக்கும். காலியாக உள்ள நேரங்களில் ஒன்றைத் தொட்டால் அது பத்து நிமிடத்துக்கு அவருக்காகப் பிடித்து வைக்கப்படும். அதற்குள் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நேரம் அடுத்தவருக்குத் திறந்துவிடப்படும். சினிமா டிக்கெட் தளங்களில் இருப்பதுதான். யாரோ ஒருவர் அங்கிருந்து எடுத்து இங்கே வைத்திருந்தார். தளம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழ் இல்லை. யாரும் கேட்கவில்லை, நாங்களும் செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையில் இருந்தவர்கள் நானும் பிரகாஷும். பிரகாஷ் பாதுகாப்புப் பிரிவில் இருந்த இளைஞன். கெட்டிக்காரன். தளத்தின் எந்த மூலையில் எந்தத் தாழ்ப்பாள் லேசாக ஆடுகிறது என்று அவனுக்குத்தான் தெரியும். தமிழில் பேசினால் வாய் ஓயாது, ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. எங்கள் குழுவில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருமே அந்த ரகம்தான். நான் மட்டும் தமிழ்ப்பள்ளிக்குப் போனவள் என்பதால், பத்திரிகையில் ராசிபலன் பார்த்துச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது.

பதினொரு மணி வாக்கில் ஓர் அழைப்பு வந்தது. செமோரிலிருந்து கலைச்செல்வி என்ற பெண். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள், வீட்டில் கடைசிப் பிள்ளை. அவளுடைய அப்பா, பழைய ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அன்று விடியற்காலையில் இறந்துவிட்டார். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதலில் காதில் விழுந்தது அவள் குரல் இல்லை. பின்னால் ஓர் ஆண் குரல் கத்திக்கொண்டிருந்தது.

“நீ அமுக்குனியா இல்லியா? அத மட்டும் சொல்லு!”

“அமுக்குனேண்ணே. மூனு வாட்டி அமுக்குனேன்” என்று அவள் யாருக்கோ சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். “அக்கா, ரெண்டு மணிக்கு எங்கப்பாவுக்கு நேரம் போட்டேங்கா. ஸ்கிரீன்ல எங்களுக்குத்தான்னு இருக்கு. இப்ப வேன்காரரு சுடலைக்குப் போன் அடிச்சா, அந்த நேரம் வேற ஆளுக்குன்னு சொல்றாங்களாம். எப்படிக்கா? தொலோங் லா, கொஞ்சம் பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமையில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம், நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். இரண்டுக்கும் நடுவில்தான் சடலத்தை எடுக்க வேண்டும். அந்த மின்சுடலையில் ஞாயிற்றுக்கிழமைக் கடைசி நேரம் இரண்டு மணி. அதைத் தவறவிட்டால் திங்கட்கிழமை. அப்பா இன்னொரு ராத்திரி வீட்டுக் கூடத்தில் கிடக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இரண்டு மணி என்று செய்தி போயிருந்தது. பீடோரிலிருந்து ஒரு பஸ்ஸே கிளம்பிவிட்டது.

காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பதிவைத் திறந்தேன். எனக்கு முன்னாலேயே பிரகாஷ் பார்த்துவிட்டான்.

“ஹோல்ட் முடிஞ்சு போச்சு கா. எட்டே முக்காலுக்கு நேரத்தத் தொட்டிருக்காங்க. பத்து நிமிஷம் ஒன்னுமே செய்யல. ரிலீஸ் ஆயிடுச்சு. பத்து மணிக்கு சிம்பாங் பூலாய் ஃபேமிலி ஒன்னு அதே நேரத்த எடுத்துக் கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க. எல்லாம் கிளீன். சிஸ்டம்ல தப்பே இல்ல.”

“அமுக்குனேன்னு சொல்றாளே?”

“அமுக்குனாங்க, அதுவும் இருக்கு. மூனு தடவ. ஆனா ஹோல்ட் போனதுக்கப்புறம் ரொம்ப லேட்டா. மூனு தடவையும் சர்வர் ரிஜெக்ட் பண்ணியிருக்கு. ரெடிமேட் பதில் இருக்கு கா, அனுப்பிடலாம்.”

அந்தப் பதில் உங்களுக்கும் கொடுக்கப்பட்டிருக்கும். பயனர் குறிப்பிட்ட நேரத்துக்குள் செயல்படாததால் முன்பதிவு காலாவதியானது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஆரம்பிக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்று அதை அனுப்பியிருந்தால் என்னை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பதிலைப் போனில் படித்தால் அது யார் காதில் விழும் என்று எனக்குத் தெரிந்தது. பின்னால் கத்திக்கொண்டிருந்த அண்ணன் காதில் விழும். ‘செயல்படாத பயனர்’ யார் என்று வாசலில் போட்ட கேனோப்பிக் கூடாரத்துக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் முடிவுகட்டிவிடுவார்கள். அப்பாவைக் காக்க வைத்தவள் என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணமானாலும், பிள்ளை பெற்றாலும், ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது ஒருவர் அதைத் தூசி தட்டி எடுப்பார்கள். நம் சனங்களின் ஞாபகசக்தி மற்ற விஷயங்களுக்குத்தான் குறைவு.

அது மட்டும் இல்லை. ஒரு கேள்விக்கு அந்தப் பதிலில் இடமே இல்லை. சர்வர் மூன்று முறை மறுத்திருக்கிறது. அப்படியானால் அவள் ஏன் நான்காவது முறை முயலவில்லை? ஏன் உடனே எங்களை அழைக்கவில்லை? மறுத்த பிறகும் இரண்டு மணி என்று ஊருக்கெல்லாம் ஏன் சொன்னார்கள்?

“கலைச்செல்வி, உங்க ஸ்கிரீன்ல என்ன இருக்கு இப்ப? ஒன்னும் தொடாதீங்க. அப்படியே படம் எடுத்து அனுப்புங்க.”

படம் வந்தது. நம் தளத்தின் பக்கம்தான், ஆனால் முழுக்கத் தமிழில் இருந்தது. பிரவுசர் மொழிபெயர்த்த தமிழ். நடை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பொருள் தெளிவாக இருந்தது. இறந்தவர் பெயர், வயது, பிற்பகல் இரண்டு மணி. அதற்குக் கீழே, இந்த நேரம் உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி.

பிரகாஷ் எட்டிப் பார்த்தான். “என்ன போட்டிருக்கு கா?”

படித்துச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. “இருக்க முடியாதே. ஹோல்ட் போனா அந்த வரி மாறிடும். சிவப்புல எக்ஸ்பயர்டுன்னு வரும். நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன்.”

“தமிழ்ல வச்சு டெஸ்ட் பண்ணியா?”

“தமிழ்ல வச்சா நான் எப்படிக்கா படிக்கிறது?”

நியாயமான கேள்வி. பயிற்சிக்காக வைத்திருந்த போலிப் பக்கத்தை அவன் போனில் திறக்கச் சொன்னேன். ஒரு நேரத்தைத் தொடச் சொன்னேன். பிறகு தமிழாக்கச் சொல்லி, போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். அந்தப் பிள்ளையால் பத்து நிமிடம் போனைத் தொடாமல் இருக்க முடியவில்லை. இரண்டு முறை கையில் தட்ட வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் கலைச்செல்வியிடம் காலையில் நடந்ததைக் கேட்டேன். எத்தனை மணிக்கு, எந்தப் பொத்தான் என்று கேட்கவில்லை. போன் யார் கையில் இருந்தது என்று கேட்டேன்.

“எல்லார் கையிலயும்தாங்கா” என்றாள். “எனக்கு மலாய் தெரியும். தமிழ் வேண்டியது பெரியப்பாவுக்கு. அவருதான் மூத்தவரு, அவரு படிச்சுப் பாத்து சரின்னு சொல்லணும். அதான் தமிழாக்கிக் குடுத்தேன். கண்ணாடிய தேடி எடுத்து அவரு படிச்சாரு. அப்புறம் சித்தப்பா பாத்தாரு. பூசாரிகிட்ட காட்டுனாங்க. பெரியண்ணன் ஜொகூர்லேருந்து வந்துகிட்டு இருந்தாரு, மூத்த மவன் வராம நேரம் குறிக்கக்கூடாதுன்னுட்டாங்க. அவரு வந்து போடுன்னு சொன்னாரு, நான் போட்டேன். ஒன்னும் மாறல. மறுபடி ரெண்டு வாட்டி போட்டேன். பெரியப்பா வாங்கிப் பாத்து, நமக்காக வச்சிருக்குன்னு போட்டிருக்குல்ல, முடிஞ்சுது போம்மான்னாரு.”

அவள் சொல்லி முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. பத்து நிமிடம் என்று வைத்த அந்தப் பெயர் தெரியாத புண்ணியவான்மேல். சினிமாவுக்குப் போகிறவன் தனியாக முடிவெடுப்பான். சாவு வீட்டில் போன் ஒரே கையில் இருப்பதில்லை. அது பெரியவர் கைக்குப் போகும், அங்கிருந்து அடுத்தவர் கைக்குப் போகும், கண்ணாடி தேடப்படும், வராதவருக்காகக் காத்திருக்கும். எல்லாரும் பார்த்துச் சரி என்று சொல்வதுதான் அந்த வீட்டில் உறுதி செய்வது. பொத்தானை அமுக்குவது அதற்கப்புறம் செய்யும் சின்ன வேலை. இதை இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தளத்தைச் சோதித்தபோது குளிர்சாதன அறையில் தனித்தனியாக உட்கார்ந்து தொட்டோம், உடனே அமுக்கினோம், எல்லாம் சரி என்று எழுதிவிட்டோம்.

“அலாமா” என்றான் பிரகாஷ்.

பத்து நிமிடம் தாண்டியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவன் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் திறந்து வைத்திருந்த அதே பக்கம் சிவப்பாக மாறிவிட்டது. தமிழாக்கிய போன் மட்டும் அப்படியே இருந்தது. நான் படித்துக் காட்டினேன். இந்த நேரம் உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. அவன் பொத்தானை அமுக்கினான். ஒன்றும் மாறவில்லை. இன்னொரு முறை அமுக்கினான்.

காரணத்தை அவனே சொன்னான், நான் சாதாரணப் பேச்சில் தருகிறேன். மொழிபெயர்ப்பு வசதி நம் பக்கத்தில் இருக்கும் வார்த்தைகளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தன் வார்த்தைகளை வைக்கிறது. நம் தளம் தன் பழைய வார்த்தைகள் இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்து, அவற்றை ஒழுங்காக மாற்றிக்கொண்டிருக்கிறது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளின்மேல் வேறொருவர் இன்னொரு தாளை ஒட்டிவிட்டுப் போன மாதிரி. நாம் அடித்தாளைத் திருத்துகிறோம், மக்கள் மேல்தாளைப் படிக்கிறார்கள். நேரம் முடிந்தது என்று நம் தளம் சொல்லத்தான் செய்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாத இடத்தில் சொன்னது.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மேலாளர் குடும்பத்தோடு கேமரன் மலையில் இருந்தார், லைன் கிடைக்கவில்லை. அவர் சொல்லாமல் நம் பக்கம் தவறு என்று வெளியாட்களிடம் ஒப்புக்கொள்ளக்கூடாது என்பது விதி. அது இப்போதும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரகாஷுக்கு மனசு கேட்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “கா, எங்கிட்ட அட்மின் இருக்கு. ரெண்டு மணிய இவங்களுக்கு மாத்தி, சிம்பாங் பூலாய நாளைக்குத் தள்ளிடலாம். நம்ம தப்புதானே? நாமே சரி பண்ணலாம்ல?”

அவனைத் திட்டவில்லை. நல்ல மனசுக்காரர்கள்தான் இந்த யோசனைக்கு முதலில் வருவார்கள். ஆனால் சிம்பாங் பூலாயிலும் ஒரு வீட்டில் ஒருவர் கிடத்தப்பட்டிருக்கிறார். அங்கேயும் யாரோ ஒரு பெண் ஊருக்கெல்லாம் இரண்டு மணி என்று சொல்லியிருப்பாள். அவர்கள் காலி என்று காட்டிய நேரத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான். ஒரு வீட்டு அழுகையை எடுத்து இன்னொரு வீட்டில் வைப்பதற்காக நம் கையில் சாவி கொடுக்கப்படவில்லை. “அது அவங்க நேரம். தொடாதே” என்றேன். அந்தக் குடும்பத்தின் எண்ணைக் கலைச்செல்விக்குக் கொடுத்து, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் இல்லை. துக்கத்தில் இருக்கும் இரண்டு வீடுகளை மோதவிட்டு ஒதுங்கிக்கொள்வது உதவி ஆகாது.

மின்சுடலைப் பொறுப்பாளரை அழைத்தேன். எனக்குக் குரல் மூலம் மட்டும் பழக்கமானவர்.

“அண்ணே, எங்க பேஜ்ல கோளாறு. செமோர்ல ஒரு குடும்பம் மாட்டிக்கிட்டு நிக்கிது. ரெண்டு மணிக்கு அப்புறம் இன்னொன்னு எடுக்க முடியுமா?”

“ஞாயித்துக்கிழமையில சூசா லா, கஷ்டம். மெசின் ஆறணும். எனக்கும் குடும்பம் இருக்கு.”

“தெரியும்ணே. அதான் கேக்குறேன், உத்தரவு போடல.”

வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். “ரெண்டு மணிக்காரங்க லேட்டு பண்ணாம வந்தா மூன்றரைக்குப் பாக்கலாம். அவங்க இழுத்துட்டா என்னால முடியாது. இப்பவே வாக்கு குடுக்க மாட்டேன். பன்னெண்டரைக்கு அடிங்க.”

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். நெருக்கடியில் இருப்பவரிடம் நல்ல செய்தி சொல்ல நாக்கு துடிக்கும். மூன்றரைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று சொன்னால் அந்தப் பக்கம் அழுகை நிற்கும், நமக்கும் மூச்சு வரும். அது என் கையில் இல்லாத நேரம். ஏற்கெனவே இல்லாத ஒரு நேரத்தை இருப்பதாக நாங்கள் அந்த வீட்டுக்குக் காட்டியாகிவிட்டது. ஒரே நாளில் இரண்டாவது முறை அதைச் செய்ய நான் தயாராக இல்லை.

கலைச்செல்வியிடம் திரும்ப வந்தேன். “ரெண்டு மணி கெடைக்காதும்மா. அது வேற குடும்பத்துக்குப் போயிடுச்சு. மூன்றரைக்குக் கேட்டிருக்கேன், கெடைக்கலாம், கெடைக்காமலும் போகலாம். பன்னெண்டரைக்கு நானே அடிச்சு சொல்றேன்.”

“சரிக்கா” என்றாள். குரல் அடங்கிப் போயிருந்தது. “அக்கா, ஒன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஏதாச்சும் தப்பா பண்ணிட்டேனா?”

பின்னால் அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வேலையை நம்பிக் குடுத்தா, என்ற சொற்கள் காதில் விழுந்தன.

“ஸ்பீக்கர்ல போடுங்க” என்றேன்.

பிரகாஷ் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினான். அவனைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். இந்தத் தளத்தப் பாத்துக்குற ஆபீஸ்லேருந்து பேசுறேன். உங்க வீட்டுப் பொண்ணு மூனு தடவ அமுக்கியிருக்கு. எங்ககிட்ட பதிவு இருக்கு. நேரம் போனதுக்கப்புறமும் எங்க பேஜ் அது உங்களுக்குத்தான்னு காட்டிக்கிட்டே இருந்திருக்கு. தமிழ்ல மாத்தினா அப்படி ஆகுது, எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அத யாரு பாத்திருந்தாலும் நம்பியிருப்பாங்க. தப்பு எங்க பேஜ் மேல. அந்தப் பொண்ணு மேல இல்ல.”

தூரத்தில் ஒரு சேவல் கூவியது எனக்கே கேட்டது. பிறகு ஒரு வயதான குரல், பெரியப்பாவாக இருக்க வேண்டும்.

“அப்ப பிள்ள மேல குத்தம் இல்லங்கிறீங்க?”

“இல்லைங்கய்யா.”

“நானும் படிச்சேன்மா. நமக்குன்னுதான் போட்டிருந்துச்சு.” இருமிக்கொண்டார். “சரி, ஆக வேண்டியதப் பாப்போம்.”

உடனே அண்ணன் குரல் வந்தது. கோபம் அவ்வளவு சுலபமாக இறங்காது அல்லவா, இறங்குவதற்கு ஓர் இடம் தேடியது. “இப்ப வாயால சொல்லிடுவீங்க. நாளைக்குக் கேட்டா இல்லம்பீங்க. எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்குறேன்” என்றேன்.

பிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். போனில் சொன்னதையே தமிழில் சில வரிகளாகத் தட்டி, என் பெயரையும் பொறுப்பையும் போட்டு, அலுவலக எண்ணிலிருந்து கலைச்செல்வியின் போனுக்கு அனுப்பினேன். அனுப்பும்போது பயம் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. ஓய்வுபெற அதிக காலம் இல்லை, போனஸும் பக்கத்தில் இருந்தது.

பன்னிரண்டரைக்குப் பொறுப்பாளரை அழைத்தேன். சிம்பாங் பூலாய்க் குடும்பத்தை அவரே கூப்பிட்டு, உங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் காத்திருக்கிறது, நேரத்தோடு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். அவர்கள் வேறு எதுவும் கேட்கவில்லையாம். எமகண்டம் முடிந்ததும் கிளம்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் செமோருக்கு மூன்றரை என்று சொன்னேன். அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள், விளக்கம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. நாலரைக்குள் எல்லாம் நடந்து முடிந்தது என்று பொறுப்பாளர் பிறகு செய்தி அனுப்பினார். அன்று மாலைப் பூசைக்குப் போனேன், யாரிடமும் பேசத் தோன்றாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். தவறை ஒப்புக்கொண்டதுகூடப் பெரிதில்லையாம், எழுதிக் கொடுத்ததுதான் பெரிதாம். நான் எழுதியது தமிழில், அவருக்குத் தமிழ் தெரியாது. நான் என்ன ஒப்புக்கொண்டேன் என்று பார்க்க, அதே மொழிபெயர்ப்பு வசதியில் போட்டு என் எதிரிலேயே படித்தார். அந்த ஒரு முறை அது பிசகில்லாமல் வேலை செய்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதை வாங்கிக்கொள்வதில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை. விதியை மீறினேன், விதிப்படி கடிதம் வந்தது, கணக்கு சரி.

அடுத்து அந்த வசதியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அடைத்துவிடலாம் என்றார் மேலாளர். பிரகாஷும் அதற்குத்தான் வாதாடினான், அவன் காரணமும் சரியானது. பக்கத்தை மொழிபெயர்க்கும்போது அதிலுள்ள எழுத்துகள் வெளியே இன்னொருவருடைய சர்வருக்குப் போகக்கூடும். இறந்தவரின் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கின்றன. உள்ளே வர இத்தனை பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவை விரியத் திறந்து வைப்பதா என்று கேட்டான். நான் ஒன்றே ஒன்று சொன்னேன். “அடைங்க. ஆனா அந்தப் பெரியப்பாவுக்கு என்ன வழின்னு சொல்லிட்டு அடைங்க.” அடைத்தால் மட்டும் போதும் என்றால், அடுத்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு காத்திருப்பவரிடம் யாராவது வாயால் சொல்வார்கள், அவர் பார்க்காமலே தலையாட்டுவார். தன் தம்பியை எப்போது எடுத்துப் போகிறார்கள் என்பதைத் தானே படித்துப் பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது.

பிரகாஷ்தான் பிறகு தமிழ்ப் பக்கத்தை நாமே செய்யலாம் என்றான். சொன்னவன் தலையிலேயே அந்த வேலை விழுந்தது. வரிகளை நான் எழுதினேன், அவன் ஒவ்வொன்றாக என்ன என்று கேட்டுக் கேட்டு வைத்தான். பத்து நிமிடத்தை ஒரு மணி நேரம் ஆக்கினோம். நேரம் முடிந்தால் ஒரு வரி மட்டும் மாறுவதில்லை, முழுப் பக்கமும் போய் வேறு பக்கம் வந்துவிடும்படி செய்தோம். அதன்பிறகு மொழிபெயர்ப்பு வசதியை அடைத்தோம். இப்போது நீங்கள் பார்க்கும் தளம் அதுதான். சோதிக்கும்போது போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்க வேண்டும் என்ற விதி ஏன் இருக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணம் இதுதான்.

கருமாதி முடிந்த மறுநாள் கலைச்செல்வி உதவி மேசைக்கு அழைத்தாள். எந்தக் கோளாறும் இல்லை. அன்றைக்குப் பேசிய அக்கா இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறாள். எடுத்தேன்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்கா. சொல்லணும்னு தோணுச்சு.”

அவளிடம் கேட்கக்கூடாது, ஆனாலும் கேட்டேன். “அண்ணன் பேசுறாராம்மா?”

“பேசுறாருக்கா. சாரியெல்லாம் சொல்லல, அவரு எங்க சொல்லப் போறாரு.” சிரித்தாள். “ஆனா அன்னிக்கு நீங்க அனுப்புன மெசேஜ் இருக்குல்ல, எங்கிட்டேருந்து போன வாங்கி, குடும்பத்துல அத்தன பேருக்கும் ஃபார்வர்ட் பண்ணிட்டாரு. பீடோர் அத்தை, சிங்கப்பூர்ல இருக்குற மாமா, எல்லாருக்கும். ஒருத்தரையும் விடல.”

“நல்லதும்மா.”

“இன்னும் கேளுங்க” என்றாள். இப்போது சிரிக்கவில்லை. “நேத்து கருமாதி முடிஞ்சு ராத்திரி ஜொகூருக்குத் திரும்பிப் போயிட்டு, எனக்கும் அனுப்பியிருக்காருக்கா. என் போனுக்கு வந்த மெசேஜையே எனக்கு அனுப்பியிருக்காரு.”